ஆறாவது எண்

வெளிநாட்டில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையை விட்டு வந்த அன்று லிஃப்ட்காரர் கம்பெனிக்கு ஒன்பது பொருள்களைத் திருப்பிக் கொடுத்தார். தலைக்கவசம், இடுப்புப் பட்டை, ஒரு ஜோடி ஷூ, மூன்று சாவிகள், வாசல் அட்டை, கம்பளி, கடைசியாகப் போனிலிருந்து கழற்றி எடுத்த சிம் கார்டு.

சிம்மைப் பார்த்ததும் ஸ்டோர்காரர் சிரித்துவிட்டார். "இத யாருண்ணே கேட்டா? பையில போட்டுக்கிட்டுப் போங்க. இருபத்திரண்டு வருஷம் உழைச்சதுக்கு ஒரு சிம்கூட இல்லையா?"

"கம்பெனி பேர்ல இருக்கிற நம்பருப்பா. என்னுது இல்லையே" என்று சொல்லி, ஒன்பது பொருள்களுக்கும் எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பது எப்படித் தவறாகும்? ஆனால் அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான்.

ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் அது தெரிந்தது. அவர் மனைவிக்கு மூச்சு வாங்கியது. வீட்டை அவர் அங்கிருந்து போனில் சொல்லிச் சொல்லிக் கட்டியிருந்தார். படுக்கையறையை மாடியில் வைக்கச் சொன்னதும் அவர்தான். பதினாலு படி. ஒரு வருஷமாக மாடிக்கே போகவில்லை என்பதை அந்த அம்மாள் போனில் ஒரு நாளும் சொன்னதில்லை. கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தார். அவர் வந்து பார்த்துவிட்டு, படி திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தார். ஏழு படி ஏறி, உட்கார்ந்து, மூச்சு விட்டு, மறுபடி ஏழு படி.

"எந்த மாடிக்கும்மா போகணும்?" என்று பக்கத்தில் நின்று கேட்பார்.

"ஆமா, ஊரையெல்லாம் தூக்கிவிட்டீங்க. கட்டினவளுக்கு நாற்காலி" என்பார் மனைவி. சிரிக்கும்போதும் மூச்சு வாங்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்றார். கையில் இருந்ததெல்லாம் வீட்டிலும் மகள் கல்யாணத்திலும் போயிருந்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு ஒரு மருத்துவ அட்டை உண்டு. அங்கே இருக்கும்போதே அவர் பதிவு செய்து வைத்திருந்தார். அட்டையைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் இருந்தவர் தலையாட்டினார்.

"செல்லும் சார். ஊர் திரும்பின தொண்ணூறு நாளுக்குள்ள இங்கத்து முகவரிக்கு மாத்தணும். மாத்திட்டா ஆபரேஷன் முழுக்க இதுலயே ஆயிடும். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

வரவில்லை. அது கடல் தாண்டிப் போயிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்த எண்ணுக்கு.

எண்ணை மாற்றலாமே என்று கேட்டார். மாற்றலாம், ஆனால் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் புது எண்ணை ஏற்கும் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, இங்கே பூசாரியும் இல்லை. ஒரு திரையும் அதில் ஆறு கட்டங்களும்தான் இருந்தன. ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே முதல் அலுவலகத்துக்கே போகச் சொன்னார்கள். அவர் வெளிநாடு போன காலத்தில் இந்த ஊரில் கவுன்டர் என்றால் கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கும். கோபப்படும், அலைக்கழிக்கும், ஆனால் கெஞ்சினால் இளகும். இப்போது எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

எண்பத்தேழாம் நாள்தான், மாவட்ட சேவை மையத்தில் நேரில் கைரேகையும் முகமும் காட்டித்தான் எண்ணை மாற்ற முடியும் என்று தெரிந்தது. அங்கேயும் பழைய எண்ணின் ஓடிபி வேண்டும். அதுவரை அணைந்தே கிடந்த தன் பழைய எண்ணை லிஃப்ட்காரர் அன்று மாலை மறுபடி அழைத்தார். எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, யாருங்க?"

தமிழ்! "தம்பி, நான் இந்த நம்பரோட பழைய ஆளு. லிஃப்ட் செக்‌ஷன்."

"அட, பழைய மூணாம் கட்டிலா?"

அந்த அறையில் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. ஆறு கட்டில், ஆறு ஆள். இருபத்திரண்டு வருஷம் அவர் மூணாம் கட்டில். அவர் ஊருக்கு வந்த பிறகு, அவர் இடத்துக்குக் கம்பெனி எடுத்த ஆளுக்கு அவர் கட்டிலையும் அவர் சிம்மையும் கொடுத்திருந்தார்கள். பேரும் அதோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

"புது மூணாம் கட்டில் பேசறேண்ணே. கட்டிலுக்கு அடியில பலகை வச்சு முட்டுக் கொடுத்திருக்கீங்களே, அதுக்காகவே உங்களப் பாக்கணும்னு இருந்தேன். மத்த அஞ்சு கட்டிலும் கிறீச்சு கிறீச்சுங்குது. என்னுது மட்டும் சாமி மாதிரி சும்மா இருக்கு."

இவர் விஷயத்தைச் சொன்னார்.

"ஓடிபி எவ்வளவு நேரம்ணே நிக்கும்?"

"ரெண்டு நிமிஷம்."

"நான் காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் லிஃப்ட் மேல நிப்பேனே. போன எடுத்துட்டுப் போகக் கூடாது. கதவுகிட்ட ஒரு கூடை மாட்டியிருக்கு, அதுல போட்டுட்டுத்தான் ஏறணும். எந்தப் புண்ணியவான் மாட்டினானோ."

"நான்தான் தம்பி மாட்டினேன்" என்றார் லிஃப்ட்காரர்.

அது அவருடைய எட்டாம் வருஷத்தில் நடந்தது. லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் சட்டைப் பையிலிருந்து போன் நழுவியது. ஒன்பது மாடி கீழே, குழிக்குள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த இன்னொருவரின் தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது. அந்தக் கை அப்புறம் மேலே எழவில்லை. மறுநாளே லிஃப்ட்காரர் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கம்பியில் மாட்டினார். போன் போடாதவரை ஏறவிட மாட்டார். கம்பெனி பிறகு அதையே சட்டமாக்கியது. மீறினால் எச்சரிக்கைக் கடிதம், மூன்று நாள் வேலை இல்லை. இரண்டாவது கடிதம் வந்தால் ஊருக்கு டிக்கெட்.

"அப்ப கூடையிலயே போடு தம்பி. யாராவது எடுத்துச் சொல்ல முடிஞ்சா பார்ப்போம்" என்றார்.

எண்பத்தெட்டாம் நாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போனார். அட்டையில் மனைவி பேரும் இருந்ததால் இருவர் கைரேகையும் வேண்டுமாம். கவுன்டரில் ஒரு இளம்பெண். மூன்று மணி நேரம் காத்திருந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள். இவர் போன் செய்தார். கூடைக்குள் மணி அடித்து அடித்து நின்றது. சாப்பாட்டு நேரத்தில் மூணாம் கட்டில் கூப்பிட்டு, "ஆறு நம்பரும் அழகா வந்திருக்குண்ணே, சொல்லட்டுமா?" என்றார். அது செத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு ஓடிபிதான் அனுப்புவார்களாம்.

எண்பத்தொன்பதாம் நாள் சர்வர் வேலை செய்யவில்லை. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அறுபது எழுபது பேர் ஒரு அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் மூணாம் கட்டில் கூப்பிட்டார்.

"என்னண்ணே, இன்னிக்கு மெசேஜே வரலையே? நாள் பூரா போனும் கையுமா மேல நின்னேனே."

"கூடையில போடலையா?"

"நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல. ஷூ கயிறு போட்டுக் கழுத்துல கட்டி, சட்டைக்குள்ள விட்டுக்கிட்டேன். விழாது. ரெண்டு முடிச்சு."

தோள் நொறுங்கியவரின் முகம் லிஃப்ட்காரர் முன்னால் வந்தது. கூடத்தில் மனைவி தலையணையை உயரமாக வைத்து, உட்கார்ந்த நிலையிலேயே கண்ணை மூடியிருப்பதும் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"நாளைக்குத்தான் கடைசி நாளு தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே கேட்டுவிட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

"மூணாவது முடிச்சும் போட்டுக்கறேண்ணே. அண்ணிகிட்ட கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க."

அன்று அவர் கடவுளிடம் இரண்டு வேண்டுதல் வைத்தார். ஆறு எண் வர வேண்டும். அந்தக் கயிறு அறாமல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தருவேன் என்றால் எதைக் கேட்பது என்று யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

தொண்ணூறாம் நாள். அறுபத்தொன்றாம் டோக்கன். கூடத்தில் எல்லா நாற்காலிகளும் ஒன்றோடு ஒன்று கம்பியால் இணைந்திருந்தன. ஒருவர் அசைந்தால் ஐந்து பேர் அசைந்தார்கள். சுவரில் ஒரு இயந்திரக் குரல் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இந்தப் பொம்பளைக்குத் தொண்டை வலிக்காதா?" என்றார் மனைவி.

"அது மெஷினும்மா."

"தெரியும். சும்மா கேட்டேன். உங்களப் பேச வைக்கணுமே, காலையிலேர்ந்து வாயத் திறக்கல."

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் தண்ணீர்ப் பாட்டிலை அந்த அம்மாளிடம் நீட்டினார். இவர்களிடமும் பாட்டில் இருந்தது. ஆனாலும் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தார். கொடுத்தவர் முகம் வாடக் கூடாது அல்லவா.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவர்கள் எண் வந்தது. அங்கே சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகவில்லை, அதுவரை டோக்கன் காத்திருக்காது. கவுன்டர் பெண் இவர்களைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். "இன்னிக்கு முடிச்சிடலாம் அப்பா" என்றாள். முந்தாநாள் 'சார்' என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் முதலில் போன் போட்டு, மூணாம் கட்டில் எடுத்த பிறகு தலையசைத்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் இரண்டு நிமிடம் குறையத் தொடங்கியது. போனில் காற்றுச் சத்தமும் இரும்புச் சத்தமும் கேட்டன. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். பதினோராம் மாடிக்கு மேலே, கயிறுகளுக்கு நடுவில், ஒரு கையால் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சத்தம்.

"வந்துருச்சுண்ணே! இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். எழுதுங்க. எட்டு."

"எட்டு" என்றார் இவர். அந்தப் பெண் தட்டினாள்.

"ஒண்ணு. இன்னொரு ஒண்ணு."

"ஒண்ணு, ஒண்ணு."

"அஞ்சு. ஆறு. அப்புறம்..."

வேறொரு குரல் வேறொரு மொழியில் உரக்கக் கத்தியது. அந்த மொழியை இவர் இருபத்திரண்டு வருஷம் கேட்டவர். 'கழுத்தில் என்ன, எடு வெளியே' என்று கத்தினார்கள். ஏதோ இழுபட்டது. இணைப்பு அறுந்தது.

மறுபடி போட்டார். அணைத்து வைத்திருந்தார்கள்.

திரையில் ஐந்து கட்டங்கள் நிறைந்திருந்தன. ஆறாவது வெறுமையாக இருந்தது. ஒரு நிமிடம் பத்து விநாடி.

"அப்பா, மூணு தடவைதான் போட முடியும்" என்றாள் அந்தப் பெண். "ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஏழு" என்றார். ஏன் ஏழு என்று அவருக்கே தெரியவில்லை. படியாக இருக்கலாம். திரை சிவந்தது.

"இன்னும் ரெண்டு இருக்கு."

"நீயே ஒண்ணு போடும்மா. நல்ல கை உனக்கு."

அவள் ஒரு விநாடி கண்ணை மூடினாள். அந்த வேலையில் அதற்கெல்லாம் இடமில்லை. ஆனாலும் மூடினாள். ஒன்பதை அழுத்தினாள். சிவந்தது.

லிஃப்ட்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"நானா? ஏங்க, இத்தனை வருஷமா நீங்க போன்ல நம்பர் சொல்வீங்க, நான் எழுதிப்பேன். செங்கல் எத்தனை, படி எத்தனை. இப்பத்தான் என்னைக் கேக்கறீங்க."

"சொல்லும்மா. நேரம் இல்ல."

"மூணு" என்றார் அவர். "மூணாம் கட்டில். அந்தத் தம்பி நம்பர்."

அழுத்தினாள். திரை சிவந்தது, பிறகு வெளுத்தது. 'இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பிறகு முயலவும்' என்று வந்தது. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, 'பதிவுக்கான கடைசி நாள்: இன்று' என்று இருந்தது.

அந்தப் பெண் உள்ளே போய் அதிகாரியைக் கூட்டி வந்தாள். அவரும் கெட்டவர் இல்லை. தன் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், சாப்பாட்டு நேரம் தாண்டியும் நின்றார். "ஆள் எதிர்ல நிக்கறீங்க, அட்டை நிக்குது, ரேகை நிக்குது. ஆனா என் கையில எதுவும் இல்லங்க" என்றார். மேல்முறையீட்டு மனு போடலாமாம். ஆறு மாதமாவது ஆகுமாம்.

டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் ஒன்பது வாரம் ஏற்கனவே போயிருந்தது.

கவுன்டர் பெண் மனுவைத் தானே எழுதி, முத்திரை வைத்து, வாசல் வரை வந்து கொடுத்தாள். படி இறங்க அந்த அம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றே படிதான். "மன்னிச்சிடுங்கம்மா, நான் ஒன்பது போட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"ஒன்பது நல்ல நம்பர்தாம்மா. உள்ள போய்ச் சாப்பிடு. முகம் வாடிக் கிடக்கு" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து, வெயில் தாழும் நேரத்தில் போன் அடித்தது. பழைய எண். லிஃப்ட்காரர் ஒலிபெருக்கியைப் போட்டுக் கூடத்து நாற்காலியில் வைத்தார்.

"அண்ணே, நாலு! கடைசி நம்பர் நாலு! சொல்றதுக்குள்ள சூப்பர்வைசர் பிடுங்கிட்டான். இப்பத்தான் திருப்பிக் கொடுத்தாங்க. நீங்க ஏதாவது போட்டுப் பாத்தீங்களா? சரியா வந்துச்சா?"

"உனக்கு என்ன ஆச்சு தம்பி? அதச் சொல்லு முதல்ல."

"என்ன ஆவும்? ஒரு கடுதாசி. மூணு நாள் ரூமுல இருன்னுட்டான். இருக்கட்டும்ணே, இந்தக் கட்டில்ல பகல்ல படுத்ததே இல்ல. கயிறு அறுந்து போகலண்ணே, அது முக்கியம். கீழ யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவன் கத்தரி வச்சு வெட்டித்தான் எடுத்தான்னா பாத்துக்கங்க, என் முடிச்ச!" சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "ரெண்டாவது கடுதாசி வராம பாத்துக்கணும். பெரியவளுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு. அது கிடக்கு. நம்பர் என்ன ஆச்சு? நீங்க சொல்லவே இல்லையே."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். கழற்றிய சிம்மைக்கூடத் திருப்பிக் கொடுத்தவர் அவர். பொய் அவருக்கு வராது. மெய்யும் அந்த நேரத்தில் வரவில்லை.

அவர் மனைவி சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்து போனை எடுத்தார்.

"தம்பி, நான் அண்ணி பேசறேன்."

"அண்ணி! நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். நாலேதான். அந்தப் பொண்ணு அதத்தான் போட்டா. சரியா வந்துருச்சு."

"அப்ப ஆபரேஷன்?"

"தேதி சொல்லுவாங்க. சொன்னதும் உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணுவாரு." மூச்சுக்காக நிறுத்தினார். அதைச் சிரிப்பாக்கினார். "இனிமே அந்தக் கூடையிலயே போடுங்க. அவரு மாட்டின கூடை. அவரு பேச்ச நான் கேக்கறனோ இல்லையோ, நீங்க கேளுங்க."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்பாடா. பிடுங்கினப்ப செத்துட்டேன் அண்ணி. ஒரு நம்பருக்காகப் போயிடுச்சேன்னு. வீண் போகல."

"வீண் போகல தம்பி" என்றார் அந்த அம்மாள்.

போனை வைத்தார். வீடு அமைதியாக இருந்தது. கதவு இடுக்கில் கடைசி வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அதில் தூசி மிதந்தது.

"மாடிக்குப் போகலாம். இன்னிக்கு மேல படுத்துக்கறேன்" என்றார் மனைவி.

வேண்டாம் என்று இவர் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் நின்று, ஏழு படி ஏறி, திருப்பத்து நாற்காலியில் உட்கார வைத்தார். நெஞ்சு ஏறி இறங்குவது சேலைக்கு மேலே தெரிந்தது. எந்த மாடிக்கு என்று இன்று அவர் கேட்கவில்லை.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் மனைவியே பேசினார்.

"அந்தத் தம்பி அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுவாரு. தேதி கேப்பாரு. நீங்களும் இதையேதான் சொல்லணும். சொல்வீங்களா?"

லிஃப்ட்காரர் மேலே மிச்சமிருந்த ஏழு படிகளைப் பார்த்தார்.

"சொல்றேன்" என்றார்.